பையருக்கு எழுதும் மெயிலில் ‘பை’ போடும் முறை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கிறவராக இருக்கிறேன். கல்லூரி முடித்து நேராக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு பையர் மெயிலுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொடுப்பது, யாரும் கேட்காமலே என் தலையில் வந்து விழுந்த வேலை. நூல் கவுன்ட், ஜிஎஸ்எம் என்கிற துணி எடை, டையிங் ஷேடு எல்லாம் சில மாதங்களில் பிடிபட்டுவிடும். அவர்கள் இங்கிலீஷும் மோசம் என்று சொல்ல மாட்டேன். பெரிய வார்த்தைகளையெல்லாம் சரியாகத்தான் போடுகிறார்கள். ‘பை’ (by) என்கிற இரண்டெழுத்து இங்கிலீஷ் சொல் வரும் இடத்தில்தான் தேதி மாறுகிறது, அளவு மாறுகிறது, சில சமயம் விலையே மாறிவிடுகிறது.

காரணம் பள்ளிக்கூடம். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் நடத்தும்போது ‘ராமா கில்டு ராவணா’, ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’ என்று போர்டில் எழுதிப் போடுவார்கள். ராமனால் கொல்லப்பட்டான். அன்றைக்கு ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று மனதில் உட்கார்ந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆபீசில் ஒரு நாள் மெயில்களை எடுத்துப் பார்த்தால், ‘ஆல்’ என்ற பொருளில் வரும் ‘பை’தான் அதில் குறைச்சல்.

நான் சொல்லித்தரும் முறை இது. எழுத வேண்டியதை முதலில் பக்கத்து டேபிளில் இருப்பவரிடம் சொல்வதுபோலத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தில் ‘க்குள்’ வருகிறதா, ‘வரை’ வருகிறதா, ‘படி’ வருகிறதா, ‘ஆல்’ வருகிறதா, இல்லை ஒன்றுமே ஒட்டாமல் சும்மா நிற்கிறதா என்று கவனியுங்கள். இங்கிலீஷ்காரர்கள் ஒரே பையில் போட்டுத் திணித்ததைத் தமிழ் தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறது. நாம் எந்த மடிப்பிலிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்தால், ‘பை’ போடலாமா, வேறு ஏதாவது போட வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

‘க்குள்’ளும் ‘வரை’யும்

எங்கள் மெயிலில் பாதி தேதி பற்றியதுதான். லேப் டிப் (சாயம் காட்டும் சிறு துணித் துண்டு) எப்போது, பிபி சாம்பிள் (மொத்தமாகத் தைப்பதற்கு முன் காட்டும் மாதிரி) எப்போது, சரக்கு கப்பல் ஏறுவது எப்போது. ‘வெள்ளிக்கிழமைக்குள் சாம்பிள் அனுப்பிவிடுகிறோம்’ என்பது ‘வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் பை ஃப்ரைடே’. புதியவர்கள் கை தானாக ‘டில் ஃப்ரைடே’ என்று அடிக்கும். லண்டனில் அதைப் படிக்கிறவருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கப் போகிறோம் என்று அர்த்தம்.

ஒரு தடவை நடந்து முடிகிற வேலை என்றால் தமிழில் ‘க்குள்’ வரும், அங்கே ‘பை’. நீண்டுகொண்டே போகிற வேலை என்றால் ‘வரை’ வரும்; அங்கே ‘டில்’ அல்லது ‘அன்டில்’. ஆபீஸ் 6 மணி வரை இருக்கும்: ‘அன்டில் சிக்ஸ்’. 6 மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும்: ‘பை சிக்ஸ்’. தமிழில் யாரும் ‘ஆபீஸ் 6 மணிக்குள் இருக்கும்’ என்று உளற மாட்டோம். அந்தக் காதை அப்படியே நம்பலாம்.

‘இல்லை’ என்று சொல்லும் வாக்கியத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘த ஃபேப்ரிக் வில் நாட் கம் அன்டில் ஃப்ரைடே’ என்றால் துணி வெள்ளிக்கிழமைதான் வரும், அதற்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள் என்று பொருள். அதையே ‘வில் நாட் கம் பை ஃப்ரைடே’ என்று எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் வராது, சனியோ திங்களோ ஆகும். முதல் மெயிலுக்கு பையர் சரி என்பார். இரண்டாவது மெயிலுக்கு போன் வரும்.

ஜெர்மன் பையர்கள் விஷயம் தனி. அவர்கள் மொழியில் ‘க்குள்’ளுக்கும் ‘வரை’க்கும் ‘பிஸ்’ என்று ஒரே சொல்தான். அதனால் ஹாம்பர்க்கில் இருப்பவர் ‘ப்ளீஸ் சென்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதுவது சகஜம். அவர் கேட்பது வெள்ளிக்கிழமைக்குள். அதைத் திருத்தப் போகாதீர்கள். உங்கள் பதிலில் ‘பை ஃப்ரைடே’ என்று எழுதினால் போதும்.

‘க்குள்’ளில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘15ஆம் தேதிக்குள்’ என்றும் சொல்கிறோம், ‘மூன்று நாளுக்குள்’ என்றும் சொல்கிறோம். ‘பை’ கேட்பது ஒரு புள்ளியை: தேதி, கிழமை, மணி, இல்லையென்றால் ஏதாவது ஒரு நிகழ்வு. மூன்று நாள் என்பது புள்ளி அல்ல, நீளம். அங்கே ‘விதின் த்ரீ டேஸ்’ என்றுதான் வரும். ‘இன் த்ரீ டேஸ்’ என்று எழுதினால் பெரும்பாலும் மூன்று நாள் கழித்து என்று எடுத்துக்கொள்வார்கள். அவசரத்துக்கு அனுப்புகிறவர்கள் ‘விதின்’ போடுவதே நல்லது.

15ஆம் தேதிக்குள் என்றால் 15 சேர்த்தியா? ‘பை த ஃபிஃப்டீன்த்’ என்றால் சேர்த்திதான், அன்றைக்குக் கொடுத்தாலும் சொன்ன சொல் காப்பாற்றியதாகத்தான் கணக்கு. ‘பிஃபோர் த ஃபிஃப்டீன்த்’ என்றால் 14ஆம் தேதியோடு சரி. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று நீட்டி எழுதிவிடுங்கள். நீளம் கூடினாலும் வம்பு குறையும். ‘பை எண்ட் ஆஃப் டே’ என்று வந்தால் யாருடைய நாள் என்று கேளுங்கள். ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. நியூயார்க் என்றால் ஒன்பதரை அல்லது பத்தரை. நியூயார்க்காரர்கள் மாலை 5 மணிக்குக் கடையைக் கட்டும்போது நமக்கு ராத்திரி இரண்டரை அல்லது மூன்றரை. அந்த வித்தியாசம் பல சமயம் நமக்கு ஒரு ராத்திரி வேலை நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும்.

இந்த வரிசையில் இன்னும் இரண்டு. ‘இந்நேரம் பார்சல் வந்து சேர்ந்திருக்கணும்’ என்று சொல்கிறோமே, அந்த ‘இந்நேரம்’தான் ‘பை நவ்’. ‘த பார்சல் ஷுட் ஹேவ் ரீச்டு யூ பை நவ்’. ‘அதற்குள்’ என்பது ‘பை தென்’. ‘நாங்கள் போவதற்குள் கண்டெய்னர் கிளம்பிவிட்டது’ என்றால் ‘பை த டைம் வீ ரீச்டு, த கண்டெய்னர் ஹேட் லெஃப்ட்’. ‘கிளம்பிவிட்டது’ என்கிற ‘விட்டது’ இருக்கிறதே, அதுதான் அங்கே ‘ஹேட்’ ஆகிறது.

ஒன்றும் ஒட்டாத இடம்

காசு போகிற இடம் இதுதான். ஃபிட் சாம்பிள், அதாவது அளவு பொருந்துகிறதா என்று பார்க்கத் தைத்த மாதிரி, பார்த்துவிட்டு பையர் கமென்ட் அனுப்புவார். கீழ் மடிப்பு, அதாவது பாட்டம் ஹெம், 3 சென்டி இருக்கிறது என்று வையுங்கள். ‘ரெட்யூஸ் ஹெம் பை 2 சென்டி’ என்று வந்தால் புது மடிப்பு 1 சென்டி. ‘ரெட்யூஸ் ஹெம் டு 2 சென்டி’ என்று வந்தால் புது மடிப்பு 2 சென்டி. இரண்டுமே தைக்கக்கூடிய அளவு. அதனால் கட்டிங் மாஸ்டருக்கும் சந்தேகம் வராது, தையல் லைனிலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் பீஸ் ஓடி முடிந்த பிறகு இன்ஸ்பெக்ஷனில்தான் தெரியவரும். கழுத்து இறக்கம் 9 சென்டி இருக்கும்போது ‘டு 2’ என்று படித்தால் போட்டுப் பார்ப்பவர் கழுத்தே நெரியும், உடனே மாட்டிக்கொள்வோம். ஆபத்து அங்கே இல்லை. இரண்டு விடையும் நம்பும்படியாக இருக்கிற இடத்தில்தான்.

தமிழில் இதை எப்படிப் பிரிக்கிறோம் பாருங்கள். ‘இரண்டு சென்டி குறை’ என்றால் எண்ணோடு ஒன்றுமே ஒட்டவில்லை, அது ‘பை’. ‘இரண்டு சென்டியாகக் குறை’, ‘இரண்டு சென்டிக்குக் குறை’ என்றால் ‘ஆக’ அல்லது ‘க்கு’ ஒட்டுகிறது, அது ‘டு’. விலைக்கும் இதே கணக்கு. 3.40 டாலர் சட்டையை 40 சென்ட் குறைக்கச் சொன்னால் ‘பை’, 3 டாலராகக் குறைக்கச் சொன்னால் ‘டு’. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அளவு மாற்றம் பற்றிய பதிலில் பழைய எண், புது எண் இரண்டையும் எழுத வேண்டும். ‘ஃப்ரம் 3 டு 1’ என்று எழுதிவிட்டால் ‘பை’யை யார் எப்படிப் படித்தாலும் கவலை இல்லை.

மூன்று நாள் தாமதம் என்பதும் இதே இனம்தான். ‘டிலேய்டு பை த்ரீ டேஸ்’. கொஞ்சம் முன்னால் மூன்று நாளுக்கு ‘பை’ வராது என்றேன். அது கெடு சொல்லும்போது. எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும்போது தாராளமாக வரும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1983 இறுதிப் போட்டியில் இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140. ‘இந்தியா வொன் பை 43 ரன்ஸ்’. தமிழ்ப் பேப்பரில் ‘43 ரன் வித்தியாசத்தில்’ என்று போடுவார்கள். ‘வித்தியாசத்தில்’ என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் ‘பை’ போடலாம்.

‘ஆல்’

சரி, இப்போது பள்ளிக்கூடத்து ‘பை’. இதிலும் தமிழ் ‘ஆல்’ முழுக்க இங்கிலீஷ் ‘பை’க்குப் போகாது, முக்கியமாக மூன்றாகப் பிரியும்.

செய்தவர் ஆள் என்றால் ‘பை’: கட்டிங் மாஸ்டரால் வெட்டப்பட்டது, ‘கட் பை த கட்டிங் மாஸ்டர்’. கருவி என்றால் ‘வித்’: கத்தரியால் வெட்டினார், ‘வித் சிஸர்ஸ்’. காரணம் என்றால் இரண்டும் இல்லை: மழையால் லோடு ஏறவில்லை என்பதை ‘பை ரெயின்’ என்று எழுதக்கூடாது, ‘ட்யூ டு ரெயின்’ அல்லது ‘பிகாஸ் ஆஃப் ரெயின்’. ஆனால் கார்ட்டன் மழையில் நனைந்து கெட்டுப்போனால் ‘டேமேஜ்டு பை ரெயின்’ சரிதான். அங்கே மழையே நேராக வந்து கெடுத்த ஆள். ‘என்னால் முடியாது’ என்பதற்கு ‘பை’யே வேண்டாம், ‘ஐ கான்ட்’ முடிந்தது. பருத்தியால் ஆனது என்றால் ‘மேட் ஆஃப் காட்டன்’.

பாசிவ் வாய்ஸ் எழுதுவதில் ஒரு நாகரிகமும் இருக்கிறது. ‘த ஷேடு வாஸ் அப்ரூவ்டு பை யூ ஆன் த ட்வெல்ஃப்த்’ என்று எழுதுவது பையரைக் கூண்டில் ஏற்றுவதுபோல இருக்கும். அவர்தான் ஓகே சொன்னார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ‘பை யூ’வை எடுத்துவிட்டு, ‘அப்ரூவ்டு ஆன் த ட்வெல்ஃப்த்’ என்று நிறுத்தி, பழைய மெயிலை இணைத்துவிடுங்கள். அவருக்குப் புரியும். நம் பக்கத் தப்பு என்றால் அதே உபாயத்தைச் செய்யாதீர்கள். ‘ராங் லேபிள்ஸ் வேர் அட்டாச்டு’ என்று யாரோ எங்கிருந்தோ வந்து லேபிள் ஒட்டிவிட்டுப் போனதுபோல எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ‘வீ அட்டாச்டு’ என்று நேராகவே எழுதலாம்.

இந்த ‘ஆல்’ வேலை ‘பை’க்குப் பிறகு வந்து சேர்ந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பழைய இங்கிலீஷில் அதற்கு முதன்மையாகப் பக்கத்தில், அருகில் என்று பொருள். ஜெர்மனில் இன்றைக்கும் ‘பை’ என்றே ஒலிக்கும் ஒரு சொல் அந்தப் பொருளில் இருக்கிறது. செய்தவரைச் சொல்ல அவர்கள் ‘ஃபான்’ என்று வேறொன்றை வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷிலும் செய்தவரைச் சொல்ல வெகுகாலம் ‘ஆஃப்’ தாராளமாகப் புழங்கியது. 1611ஆம் ஆண்டு வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், இயேசு வனாந்தரத்துக்கு ஆவியால் கொண்டுபோகப்பட்டார் என்ற இடத்தில் ‘லெட் அப் ஆஃப் த ஸ்பிரிட்’ என்றுதான் இருக்கிறது. ‘பை’ மெல்ல மெல்ல அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. நாம் அதைப் பள்ளியில் முதல் பொருளாகப் படித்துவிட்டோம்.

பக்கத்தில் என்ற பழைய பொருள் இப்போதும் உயிரோடு இருக்கிறது. ஜன்னல் ஓரம் ‘பை த விண்டோ’, நொய்யல் கரையோரம் ‘பை த நொய்யல்’. ‘ஓரம்’ என்று சொல்லும்படி ஒட்டி இருந்தால்தான் இது. திருப்பூர் கோயம்புத்தூரிலிருந்து 50 கிலோமீட்டர் இருக்கும். அதை ‘நியர் கோயம்புத்தூர்’ என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல்லலாம், ‘பை கோயம்புத்தூர்’ என்று சொல்ல முடியாது. பைபாஸ் ரோடு புறவழிச்சாலை ஆனதும், பை எலெக்ஷன் இடைத்தேர்தல் ஆனதும் இந்தப் பக்கவாட்டுப் பொருளிலிருந்துதான்.

வண்டி, கப்பல், நடை

‘பை ஸீ’, ‘பை ஏர்’, ‘பை கூரியர்’. நடுவில் ‘த’ கிடையாது, ‘மை’ கிடையாது. ‘பை த பஸ்’ என்று எழுதினால் பஸ் ஓரமாக நின்றதாக ஆகிவிடும். என் காரில் வந்தேன் என்றால் ‘இன் மை கார்’, ஏழரை மணி பஸ்ஸில் என்றால் ‘ஆன் த செவன் தர்ட்டி பஸ்’. எந்த வண்டி என்று சுட்டிக்காட்டாமல் வழியை மட்டும் சொல்லும்போதுதான் ‘பை’. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் நம் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டி வரும். அந்த மெயிலில் ‘ஸீ’யை அடித்து ‘ஏர்’ என்று திருத்தும்போது கை நடுங்காத மெர்ச்சன்டைசரை நான் பார்த்ததில்லை.

‘பை வாக்’ நம் ஊர்ச் சரக்கு. நமக்குள் பேசும்போது இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே எழுதும்போது ‘ஆன் ஃபுட்’. ‘பை மிஸ்டேக்லி’யும் அப்படித்தான், ‘தவறுதலாக’ என்பதில் இருக்கிற ‘ஆக’வுக்கு ஈடாக ‘லி’ சேர்க்கத் தோன்றுகிறது போலிருக்கிறது. ‘பை மிஸ்டேக்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்வது என்று சொல்லவும் ‘பை’ வரும், பின்னால் ‘இங்’ வேண்டும். ‘காம்பாக்டிங் செய்து துணி சுருங்குவதைக் குறைக்கலாம்’: ‘வீ கேன் ரெட்யூஸ் ஷ்ரிங்கேஜ் பை காம்பாக்டிங் த ஃபேப்ரிக்’.

படி, கணக்கு, ஒவ்வொன்றாக

டெக் பேக் (அளவு, தையல் விவரமெல்லாம் இருக்கும் பையரின் தாள்) படி போங்கள், ‘கோ பை த டெக் பேக்’. என் வாட்ச் படி மணி நாலு, ‘ஃபோர் பை மை வாட்ச்’. பீஸ் கணக்கில் கூலி, ‘பெய்டு பை த பீஸ்’. மணிக் கணக்கில், ‘பை த அவர்’. வண்டிக்கு வராத ‘த’ இந்தக் கூலிக் கணக்கில் கட்டாயம் வரும். ஒவ்வொன்றாக ‘ஒன் பை ஒன்’, கொஞ்சம் கொஞ்சமாக ‘லிட்டில் பை லிட்டில்’. தனியாக, யார் துணையும் இல்லாமல் என்றால் ‘பை மைசெல்ஃப்’. இதிலெல்லாம் யாரும் அதிகம் இடறுவதில்லை.

கோடு போடும் ‘பை’

வீட்டு நம்பர் 12/4 என்பதை நாம் ‘பன்னிரண்டு பை நாலு’ என்று படிக்கிறோம். கணக்குப் பாடத்தில் ‘ஆறு பை இரண்டு’ என்றால் மூன்று. சாய்கோடு எங்கே இருந்தாலும் நமக்கு ‘பை’. வெளிநாட்டில் இருப்பவரிடம் போனில் ‘சிக்ஸ் பை டூ’ என்று சொன்னால் அவர் நீள அகலமாக எடுத்துக்கொள்வார். கார்ட்டன் அளவு ‘60 பை 40 பை 40’ என்பது அந்த வகை. கோட்டைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஸ்லாஷ்’ என்று சொல்லுங்கள். துணிப் பின்னல் வகைகளான ‘ஒன் பை ஒன் ரிப்’, ‘டூ பை டூ ரிப்’ மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

கடைசியாக, நான் பிள்ளைகளிடம் கொடுக்கும் சில வாக்கியங்கள். விடையை மறைத்துக்கொண்டு நீங்களும் எழுதிப் பாருங்கள்.

‘பட்டன் 20ஆம் தேதி வரைக்கும் வராது, 22ஆம் தேதிக்குள் தைத்து முடித்துவிடுவோம்.’ முதலில் ‘அன்டில்’, அப்புறம் ‘பை’.

‘கை நீளத்தை ஒன்றரை சென்டி கூட்டச் சொன்னார்கள்.’ எண்ணோடு எதுவும் ஒட்டவில்லை, ‘பை’.

‘இரண்டு வாரத்துக்குள் பணம் வரும்.’ நீளம், ஆகவே ‘விதின்’.

‘இந்த எம்பிராய்டரி கையால் போட்டது.’ கை என்பது கருவிதானே, ‘வித்’ போட வேண்டாமா என்று இதில் எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம், ‘டன் பை ஹேண்ட்’ என்பதுதான் வழக்கு, ‘பை மெஷின்’ என்பதும் அப்படியே. அது என்ன முறையில் நடந்தது என்று சொல்வதால் பஸ், கப்பல் வரிசையில் சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் ‘த’வும் இல்லை. ‘என் இரண்டு கையால் போட்டேன்’ என்று பாட்டி சொல்வதுபோல அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் ‘வித் மை ஓன் ஹேண்ட்ஸ்’.